சந்திரசேகரன் காமிரா அல்ல

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ பற்றி நம் வட்டாரத்தில் ஒரு அபிப்பிராயம் வெகுகாலமாகப் புழங்கிவருகிறது. அதில் வரும் சந்திரசேகரன் ஒரு காமிரா. அவன் வழியாக 1947-48இன் ஹைதராபாத்தை ஆசிரியர் படம் பிடித்துவிட்டார். பையனுக்கென்று ஓர் உள்ளுலகம் கிடையாது. ஆகவே சரித்திரப் பதிவு என்ற வகையில் அது நல்ல நாவல், இளமையைப் பற்றிய நாவல் என்ற வகையில் சாதாரணம். இதைச் சொல்கிறவர்கள் மூச்சு விடுவதற்குள் அடுத்ததையும் சொல்லிவிடுகிறார்கள். வாலிப மனத்துக்குள் புகுந்து எழுதியவர் ஆதவன். ‘என் பெயர் ராமசேஷன்’தான் அசல். இவற்றை முதலில் சொன்னது யார் என்று தேடிப் பயனில்லை. சௌகரியமான அபிப்பிராயங்களுக்குத் தகப்பன் பெயர் தெரிவதில்லை.

இரண்டையும் நான் மறுக்கிறேன். ஆதவனை மட்டம் தட்டும் உத்தேசம் எனக்கில்லை; அது வீண் வேலை. என் கவலை வேறு. நம்மில் நான்கு பேர் இப்போது தத்தம் முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான்கிலும் கதாநாயகன் இருபது வயதுக்காரன். பிரதிகளைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நான்கு பேரும் ராமசேஷனின் தம்பிகள். அவர்களுக்கு ஒரு அண்ணன் போதாது என்பது என் கட்சி.

முதலில் ஒரு சாதாரண விஷயம். இளமையை எழுதுகிறவன் பெரும்பாலும் இளைஞன் இல்லை. முப்பதைத் தாண்டியவன், நாற்பதைத் தாண்டியவன். பல்லும் கண்ணும் தகராறு செய்ய ஆரம்பித்த பிறகு இவன் ஏன் பதினெட்டு வயதுக்குத் திரும்பிப் போகிறான்? எதை எடுத்துவரப் போகிறான்? ஒரு நாவலின் தரத்தை முடிவு செய்வதில் இந்தக் கேள்விக்குப் பாதிப் பங்கு உண்டு. நாம் இதைக் கேட்பதே இல்லை. பாத்திரம் உயிரோடு இருக்கிறதா, நடை நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறோம்.

நா. பார்த்தசாரதி போனது லட்சியத்தை எடுத்துவர. ‘குறிஞ்சி மலர்’ அரவிந்தன் இளைஞனே இல்லை, பிரசங்கத்துக்கு மீசை முளைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஆனால் அதைப் படித்துவிட்டு ஜனங்கள் குழந்தைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். அப்படிப் பெயர் வாங்கியவர்கள் இன்று எங்கள் வங்கியில் பென்ஷன் கவுண்டரில் நிற்கிறார்கள். அவர்களுடைய கையெழுத்தைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. லட்சியத்துக்கும் அந்தக் கையெழுத்துக்கும் சம்பந்தம் எதுவும் தென்படவில்லை. வாரப் பத்திரிகைகள் வேறொன்றுக்காகப் போயின. அவற்றுக்கு வாலிபம் ஒரு சரக்கு. பஸ் நிறுத்தம், தாவணி, கவிதை எழுதும் பையன், கடைசியில் ஒரு கல்யாணப் பத்திரிகை. இந்தச் சரக்கு இன்னும் விற்கிறது, கடை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ‘மோகமுள்’ளை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. ஜானகிராமன் பாபுவின் வயதைக் காதலிக்கிறார், அதில் சந்தேகமில்லை; ஆனால் அங்கே சங்கீதம் இருக்கிறது, ரங்கண்ணா இருக்கிறார், பாபுவைவிடப் பெரிய விஷயங்கள் பாபுவைச் சுற்றி நிற்கின்றன. அது தனியாகப் பேச வேண்டியது.

ஆதவனுக்கு வருகிறேன். கல்லிடைக்குறிச்சியில் 1942இல் பிறந்து டில்லியில் வாழ்ந்தவர். 1977இல் ‘காகித மலர்கள்’, 1980இல் ‘என் பெயர் ராமசேஷன்’. லட்சிய அரவிந்தன்கள் மேல் அவர் போட்ட குண்டு சரியான இடத்தில் விழுந்தது. நம் மத்தியதர வர்க்கத்துப் பையன் எப்போதும் யாருக்காவது வேஷம் கட்டிக்கொண்டிருக்கிறான், அப்பாவுக்கு ஒன்று, சிநேகிதனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. வேஷத்தைக் கலைத்துவிட்டேன் என்று சொல்வதும் ஒரு வேஷம். இதை இவ்வளவு கூர்மையாகத் தமிழில் அவருக்கு முன் யாரும் பார்க்கவில்லை. ராமசேஷனின் பேச்சில் ஒரு துள்ளல் இருக்கிறது. சிரிக்காமல் பத்துப் பக்கம் படிக்க முடியாது. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே போகிறேன்.

ராமசேஷன் தன்னைப் பற்றி நினைக்காத எதையும் நாம் அவனைப் பற்றி நினைக்க வாய்ப்பே இல்லை. அவன் பொய் சொன்னால் அது பொய் என்று அவனே சொல்லிவிடுகிறான். அற்பத்தனம் செய்தால் அதன் மூலக்கூறுகளை அவனே பிரித்து மேஜைமேல் வைக்கிறான். இந்தப் புத்தி யாருடையது? பத்தொன்பது, இருபது வயதுப் பையனுடையதா? முப்பத்தெட்டு வயது ஆசிரியர் தன் புத்தியை அவனுக்குக் கடன் கொடுத்திருக்கிறார். வட்டியில்லாக் கடன். விளைவு, நாவல் முழுவதும் பையனைப் பற்றிய கடைசி வார்த்தை பையனுடையதாகவே இருக்கிறது. தன்னைத் தானே ஓயாமல் கண்டித்துக்கொள்கிறவனை வேறு யாரும் கண்டிக்க முடியாது. இதைவிட நாசூக்கான முகஸ்துதி வாலிபத்துக்கு இல்லை. வாரப் பத்திரிகை பையனைப் பார்த்து ‘நீ அழகன்’ என்றது. ஆதவன் ‘நீ புத்திசாலி’ என்றார். இரண்டாவது ஸ்துதிக்கு மயங்குகிறவர்கள் படித்தவர்கள் என்பது தவிர வித்தியாசம் என்ன?

இந்த இடத்தில் நண்பர்கள் சாலிஞ்சரைக் கொண்டுவருவார்கள். பி.ஏ. ஆங்கிலம் படித்த பாவத்துக்கு நானும் அவரைப் படித்திருக்கிறேன். ‘தி கேட்சர் இன் த ரை’ 1951இல் வந்தது. ஹோல்டன் காஃபீல்டும் ராமசேஷனைப் போலத் தன் குரலிலேயே பேசித் தள்ளுகிறான், அவனுக்கும் உலகம் முழுவதும் போலி. ஆனால் ஹோல்டனின் பேச்சுக்கு அடியில் ஒரு சாவு கிடக்கிறது. தம்பி ஆலி ரத்தப் புற்றுநோயில் செத்துப்போன இரவு, இவன் கராஜ் ஜன்னல் கண்ணாடிகளைக் கையாலேயே உடைத்தான். அதை அவன் போகிறபோக்கில் சொல்கிறான், தானே விளக்குவதில்லை, விளக்கத் தெரியாது. நமக்குத்தான் தெரிகிறது. அதை எழுதியவர் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டி கடற்கரையில் இறங்கி, ஐரோப்பிய யுத்தம் முடியும்வரை காலாட்படையோடு நடந்து, 1945இல் மனம் கலங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தவர். நாவலில் அந்த யுத்தம் ஏறக்குறைய இல்லை. எழுதியவனுக்குத் தெரிந்ததும் பேசுகிற பையனுக்குத் தெரிந்ததும் வேறு வேறாக இருப்பதால்தான் அந்தப் பேச்சுக்குக் கனம். ராமசேஷனின் பேச்சுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று நான் பலமுறை தோண்டிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் பேச்சு கிடைத்தது.

இனி செகந்தராபாத். (தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஊர் பதினெட்டாவது அட்சக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, பதினேழரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பதினெட்டு என்பது வயதையும் குறிக்கிறது என்று கண்டுபிடித்துப் பூரிக்கிறவர்கள் உண்டு. அந்தப் பூரிப்பில் எனக்குப் பங்கில்லை.)

அசோகமித்திரன் 1931இல் அங்கே பிறந்தார். தகப்பனார் இறந்தபின் 1952இல் சென்னைக்கு வந்தார். பிறகு ஜெமினி ஸ்டூடியோவில் பதினான்கு வருஷம். நாவல் எழுத உட்கார்ந்தபோது முதலில் எழுதியது சினிமாக்காரர்களைப் பற்றி, ‘கரைந்த நிழல்கள்’. அடுத்தது சென்னையின் குழாயடி, ‘தண்ணீர்’. அதற்கும் பிறகுதான், 1977இல், ‘18வது அட்சக்கோடு’. பால்ய ஊரின் ஏக்கம் பிடித்து ஆட்டுகிறவன் முதல் நாவலையே அந்த ஊரில்தான் வைப்பான். நாம் எல்லோரும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்? இவரோ நாவலில் அங்கே போய்ச் சேர நாற்பத்தைந்து வயதுவரை காத்திருக்கிறார். காத்திருந்த காரணத்தை நான் யூகிக்கப் போவதில்லை. காத்திருந்ததன் அடையாளம் நாவலின் உடம்பிலேயே இருக்கிறது, அதைப் பார்த்தால் போதும்.

நாவல் சில இடங்களில் ‘சந்திரசேகரன்’ என்று படர்க்கையில் போகிறது, சில இடங்களில் ‘நான்’ என்று தன்மையில் போகிறது. முன்னறிவிப்பு கிடையாது, காரணமும் சொல்லப்படுவதில்லை. இதைக் கவனக் குறைவு என்று சொன்னவர்கள் உண்டு, புது உத்தி என்று கை தட்டியவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் உத்தியைத் தாண்டி யோசிக்கவில்லை. நாற்பத்தைந்து வயது மனிதன் தன்னுடைய பதினேழு வயதைப் பார்க்கிறான். அந்தப் பையன் சில சமயம் நான்தான். சில சமயம் அவன் யாரோ, அவனுக்கு நான் ஜவாப்தாரி அல்ல என்று தோன்றுகிறது. அடுத்த நிமிஷம் மறுபடியும் நானேதான். நேர்மையாக ஞாபகப்படுத்திக்கொள்கிற எவனுக்கும் இதுதான் நேர்கிறது. முழுக்க ‘நான்’ என்று எழுதியிருந்தால் வக்காலத்து ஆகியிருக்கும். முழுக்க ‘அவன்’ என்றால் தப்பித்தல். ஆதவனின் ‘நான்’ ஒரு தடவைகூட இப்படித் தடுமாறுவதில்லை.

சந்திரசேகரனுக்கு உள்ளுலகம் இல்லை என்கிற குற்றச்சாட்டையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அவனுக்குக் கிரிக்கெட் இருக்கிறது. கல்லூரி இருக்கிறது. லான்சர் பாரக்ஸில் பக்கத்தில் குடியிருக்கும் முஸ்லிம் குடும்பத்தோடு சச்சரவு இருக்கிறது. பயம் இருக்கிறது, அது மெதுமெதுவாக ஊர் முழுவதும் கசிந்து அவன் சைக்கிள் போகிற தெருக்களுக்கும் வந்துசேர்கிறது. நிஜாம் இந்தியாவோடு சேர மாட்டேன் என்கிறார், ரஜாக்கர்கள் தெருவில் அணிவகுக்கிறார்கள், இந்துக் குடும்பங்கள் மூட்டை கட்டுகின்றன. இதன் நடுவே ஒரு பையன் மாட்ச் விளையாட ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறான். காந்தி சுடப்பட்ட செய்தி வரும்போது அவன் படும் பாட்டை உள்ளுலகம் இல்லாத ஒருவன் பட முடியுமா? தன் உள்ளுலகத்தைப் பற்றி அவன் வியாக்கியானம் செய்வதில்லை. வியாக்கியானம் இல்லாததை உள்ளுலகம் இல்லாதது என்று நாம் படிக்கப் பழகிவிட்டோம். ஆதவன் நமக்குப் பண்ணிய கெடுதல் என்று ஒன்று இருந்தால் அது இந்தப் பழக்கம்தான். அதற்கு அவரைவிட அவருடைய ரசிகர்கள்தான் அதிகப் பொறுப்பு.

பயம் என்றேன். அசோகமித்திரனின் பையன் பயந்தவன். தன்னை பயந்தவன் என்று அழகாக விவரிக்கிறவன் இல்லை, நிஜமாகவே பயந்தவன். சண்டையில் பின்வாங்குகிறான். கோபம் வரவேண்டிய இடத்தில் வருவதில்லை, தேவையில்லாத இடத்தில் வருகிறது. தேசபக்தி கல்லூரிக்குள் வரும்போது அதில் அவனும் இழுபடுகிறான். அதில் எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு கூச்சம் என்று பிரிக்க முடியாது. அந்த வயதில் அரசியல் நம்மிடம் இப்படித்தான் வருகிறது. நம்முடைய இளைஞர் நாவல்களில் மட்டும் பையன்கள் ஒன்று புரட்சிக்காரர்களாக இருக்கிறார்கள், அல்லது அரசியலைக் கேலி செய்கிற மேதைகளாக இருக்கிறார்கள்.

1948 செப்டம்பர் 13 அன்று இந்திய ராணுவம் ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. 17ஆம் தேதி நிஜாம் பணிந்தார். அதோடு நாவலை முடித்திருந்தால் அது வெற்றிக் கதை. பயந்த பையனின் பயம் தீர்ந்தது, மூவர்ணக் கொடி ஏறியது, சுபம். அசோகமித்திரன் அங்கே நிறுத்தவில்லை. இப்போது கும்பலின் மதம் மாறிவிடுகிறது. பயப்படுகிறவர்களின் மதமும் மாறிவிடுகிறது. கலவரத்தில் ஓடும் சந்திரசேகரன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். அங்கே ஒடுங்கிக் கிடக்கும் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சிறு பெண் தன் உடையைக் களைந்துவிட்டு அவன் முன்னால் நிற்கிறாள். அவன் அங்கிருந்து ஓடுகிறான். நாவல் முடிந்துவிடுகிறது.

காமிரா என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். அந்தப் பெண்ணின் கண்ணில் அவன் யார்? வாழ்நாளெல்லாம் பயந்தவன், யாரையும் அடிக்காதவன், ஓடி ஒளிய வந்தவன் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அவள் கண்ணில் அவன் அந்தக் கும்பலில் ஒருவன். அவன் தேர்ந்தெடுக்காத ஒரு முகத்தை அவன்மேல் வைத்துவிட்டாள், அதை அவன் கழற்ற முடியாது, அவளிடம் நின்று விளக்கவும் முடியாது. ராமசேஷன் கட்டிய வேஷங்களெல்லாம் அவனே தைத்தவை, அவனே அவிழ்த்தவை. சந்திரசேகரனுக்கு விழுந்தது ஊர் தைத்த வேஷம். ஒரு பையன் மனிதனாகிற கணம் காதலில் வரும், வேலை உத்தரவில் வரும், அப்பாவின் சாவில் வரும் என்றுதான் நாம் எழுதிவந்திருக்கிறோம். இன்னொருத்தியின் பயத்துக்குத் தானே காரணமாகி நிற்பதில் வரும் என்று தமிழில் எழுதியவர் இவர். காமிராவைப் பார்த்து யாரும் உடையைக் களைவதில்லை, ஐயா.

கல்லூரியில் எங்களுக்குக் கதேயின் வில்ஹெல்ம் மைஸ்டரில் தொடங்கிப் ‘பில்டுங்ஸ்ரோமான்’ என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். இளைஞன் உலகத்தோடு முட்டி மோதிப் பக்குவப்பட்டு அதில் தன் இடத்தை அடைகிற நாவல். பரீட்சைக்கு உதவியது. இந்த நாவலில் பக்குவம் என்று எதைச் சொல்வது? அவன் அடைய வேண்டிய இடம் எது? ஜாய்ஸின் ஸ்டீபன்கூடக் கடைசியில் பெரிய வார்த்தைகளோடு அயர்லாந்தைவிட்டுக் கிளம்புகிறான். சந்திரசேகரனிடம் வார்த்தையே இல்லை.

அடுத்து ஒரு கேள்வி எழுப்பப்படுகிறது, எப்போதும் ஒரு கள்ளச் சிரிப்போடு. இது ஆசிரியருக்கே நடந்ததா? அவர் அதே ஊர், அதே வயது. 1948 செப்டம்பரில் பதினேழு முடியப் போகிறது. எனக்கு இதில் அக்கறை இல்லை. நடந்திருந்தால் நாவலின் மதிப்பு அணுவளவும் கூடாது, நடக்காவிட்டால் குறையாது. கேட்கத் தகுந்த கேள்வி இதுதான்: 1977இல் இதை எழுத என்ன அவசியம்? அந்தப் போலீஸ் நடவடிக்கை பற்றி அன்றைக்குப் பாடப் புத்தகத்தில் இருந்ததெல்லாம் படேலின் உறுதி, நான்கு நாளில் வெற்றி. அதற்குப் பின் நடந்த கொலைகளை விசாரிக்க நேரு அனுப்பிய சுந்தர்லால் குழு, குறைத்துச் சொன்னாலும் 27,000 முதல் 40,000 பேர் செத்திருப்பார்கள் என்று மதிப்பிட்டது. பெரும்பகுதி மாவட்டங்களில், உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேட். அந்த அறிக்கையை அரசாங்கம் பல பத்தாண்டுகள் வெளியிடவில்லை. பொதுவாகப் படிக்கக் கிடைத்தது 2013 வாக்கில். அறிக்கை பூட்டில் இருந்தபோது தமிழில் ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். ரஜாக்கர்களின் அக்கிரமத்தை ஒரு வரிகூட மூடி மறைக்காத நாவல் இது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அதனால்தான் அந்தக் கடைசிப் பக்கத்தை எந்தக் கட்சிக்காரனும் தன் மேடைக்கு எடுத்துப்போக முடிவதில்லை.

எங்கள் வங்கியில் எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாத தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைப்போம். இருக்க வேண்டிய இடம் அது இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷனிலும் கேட்பார்கள், ஒவ்வொரு முறையும் ஒரு பதில் எழுதி அனுப்புவோம். சிலது வருஷக்கணக்கில் கிடக்கும். இந்த நாவல் 29 வருஷம் கிடந்த ஒரு பதிவை அதற்குரிய பேரேட்டில், அதற்குரிய பெயரில், பற்றுப் பக்கத்தில் எழுதியது. இளமைக்குத் திரும்பிப் போக இதைவிட நியாயமான காரணம் ஒரு நாவலாசிரியனுக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இனிமைக்காகப் போகிறவன் இனிமையோடு வருவான். தன் புத்தியைக் காட்டப் போகிறவன் புத்தியோடு வருவான்.

ஆதவன் 1987இல் சிருங்கேரியில் துங்கா நதியில் போய்விட்டார். அப்போது அவருக்கு 45 வயது. ராமசேஷனை இன்னும் தூரத்திலிருந்து பார்க்க அவருக்கு வருஷங்கள் கொடுக்கப்படவில்லை. அந்த நஷ்டத்தை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனால் நம் நான்கு நண்பர்களும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய பிரதிகளில் விடுதி அறை இருக்கிறது, பீடி இருக்கிறது, காஃப்கா இருக்கிறார், ஒரு பெண் வந்து புரியாமல் போகிறாள். பையன் எல்லாவற்றையும் நன்றாகப் புரிந்துகொண்டு ஜன்னலருகில் நிற்கிறான். அந்த ஜன்னலுக்கு வெளியே எந்த ஊர், எந்த வருஷம் என்று நான்கில் மூன்றில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர்களில் ஒருவர், நால்வரில் மூத்தவர், கோவைக்காரர். 1997 நவம்பர் கடைசியில் உக்கடம், டவுன்ஹால் பக்கம் கடைகள் எரிந்து ஆட்கள் செத்தபோது அவர் கல்லூரி மாணவர். 1998 பிப்ரவரி 14இல் குண்டுகள் வெடித்தபோதும் அங்கேதான் இருந்தார். இப்போது அவருக்கு ஏறக்குறைய அசோகமித்திரன் அந்த நாவலை வெளியிட்ட வயது. தேநீர்க் கடையில் ஒருநாள் அந்த நாட்களைப் பற்றி இரண்டு மணி நேரம் சொன்னார். எந்தத் தெருவில் நின்றார், யாருடன் நின்றார், எதிர்வீட்டு மாடியிலிருந்து யார் பார்த்தார்கள் என்பது வரை. அவருடைய நாவலின் 340 பக்கப் பிரதியில் அதில் ஒரு வரி கிடையாது. ஏன் என்று கேட்டேன். அது கதைக்கு வெளியே போகிறது என்றார்.